ராணுவத்தில் உங்கள் மீது குற்றச்சாட்டு வந்தால்: ஜவான்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஜவான்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். வழக்கு கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) நாளில் கைநழுவுவதில்லை. அதற்கு முந்தைய வாரங்களிலேயே நழுவிவிடுகிறது. சாட்சியைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு வந்தபோது வாய் திறக்கவில்லை, புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, மருத்துவமனைச் சீட்டைத் தொலைத்தாகிவிட்டது. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது கோப்பில் இவர் பக்கத்துக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. இந்தியத் தரைப்படையில் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்: நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர்) தரத்துக்குக் கீழே உள்ள ஜவான், நாயக், ஹவில்தார் ஆகியோருக்காக எழுதியது. அக்னிவீரர்களும் இதே சட்டத்தின் கீழ்தான் வருகிறார்கள். அதிகாரிகளுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் சில படிகள் மாறும்.

1. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள்

தரைப்படைக்கு ராணுவச் சட்டம், 1950. அதன் நடைமுறை ராணுவ விதிகள், 1954-இல் இருக்கிறது. கடற்படைக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம், விமானப்படைக்கு 1950-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். எல்லைப் பாதுகாப்புப் படைக்கு (பி.எஸ்.எஃப்.) 1968-ஆம் ஆண்டுச் சட்டமும், சி.ஆர்.பி.எஃப்.க்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. எல்லாம் ஒன்றுதானே என்று பி.எஸ்.எஃப். வீரரின் மனுவை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு எடுத்துப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பாயத்துக்கு அவர்கள் வழக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லை.

அடுத்து, உங்கள் மீது சொல்லப்படும் குற்றம் எந்தப் பிரிவில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியின்றி வராமல் இருப்பதும், விடுப்பு முடிந்தும் திரும்பாமல் இருப்பதும் பிரிவு 39. உத்தரவை மீறுவது பிரிவு 41. குடிபோதை பிரிவு 48. இவை எதிலும் அடங்காமல் ஒழுங்குக்குக் கேடானது என்று கருதப்படும் செயலுக்குப் பிரிவு 63. இந்தக் கடைசிப் பிரிவு மிக அகலமானது. அதனால்தான் தேதி, இடம், செய்ததாகச் சொல்லப்படும் செயல் மூன்றும் குற்றப்பத்திரிகையில் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 'ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. விவரம் கேளுங்கள்.

சம்பவம் நடந்தபோது நீங்கள் 'ஆக்டிவ் சர்வீஸ்' (எதிரிக்கு எதிரான ராணுவ நடவடிக்கைப் பணி, அல்லது அரசு அப்படி அறிவித்த பணி) நிலையில் இருந்ததாகக் கொள்ளப்படுமா என்பதையும் கேட்டு வையுங்கள். குடிபோதைக்கு மற்ற நேரத்தில் அதிகபட்சம் 6 மாதம் சிறை. ஆக்டிவ் சர்வீஸில் 2 ஆண்டு. சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமைக்கு 5 ஆண்டு என்பது 14 ஆண்டாகிறது.

2. வழக்கு வருவதற்கு முன்பே வீட்டில் ஒரு கோப்பு

வழக்கு வந்த பிறகு காகிதம் தேடுவது மிகக் கடினம். பாராக்கில் இருக்கும் பெட்டி உங்கள் கையில் இருக்காது, போன் வாங்கி வைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே நகல்கள் வீட்டில், மனைவி அல்லது தந்தையின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு விடுப்புச் சான்றிதழின் இரு பக்க நகல், மருத்துவ வகைப்பாட்டுத் தாள்கள், இதுவரை பெற்ற தண்டனைகளின் தேதியும் பிரிவும், பாராட்டுகள், நீங்கள் கொடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகல். யூனிட்டின் தொலைபேசி எண், கம்பெனி அலுவலக எண், ரெக்கார்டு ஆபீஸ் (உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதே கோப்பில் வையுங்கள். மகன் எந்த யூனிட் என்று கேட்டால் 'காஷ்மீர் பக்கம்' என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெற்றோரால் அவசரத்தில் அவருக்கு உதவ முடிவதில்லை.

யூனிட்டின் இயக்கம், இருப்பிடம், உள் உத்தரவுகள் பற்றிய ரகசியத் தாள்களை இந்தக் கோப்பில் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். அது தனிக் குற்றம்.

3. விடுப்பு முடிந்தும் திரும்ப முடியாவிட்டால்

என்னிடம் வரும் குடும்பங்களில் அதிகமானோர் வருவது இதற்காகத்தான். ஆகவே இதை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி, மனைவிக்குப் பிரசவம், நிலத் தகராறு, அல்லது திரும்பிப் போகவே மனம் வராத சோர்வு. காரணம் எதுவானாலும் முதல் தவறு ஒன்றுதான்: விடுப்பு முடியும் நாளைச் சத்தமில்லாமல் கடந்துவிடுவது. 'இரண்டு நாள்தானே, போய்ச் சொல்லிக்கொள்ளலாம்' என்று தொடங்கும். பத்தாம் நாளில் பயம் வந்து போனை அணைத்துவிடுவார்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில், விடுப்பு முடிவதற்குள் நீட்டிப்பு கேளுங்கள். கம்பெனி அலுவலகத்துக்கு போன் செய்து சொன்னால் மட்டும் போதாது. போனை எடுத்தவர் மாற்றலாகிப் போனால் நீங்கள் சொன்னது காற்றோடு போகும். அன்றே பதிவு அஞ்சலோ விரைவு அஞ்சலோ அனுப்பி ரசீதை வையுங்கள். கடிதம் நான்கு வரி போதும்:

'எண், தரம், பெயர். எனக்கு வழங்கப்பட்ட விடுப்பு இந்தத் தேதியில் முடிகிறது. என் தந்தை இந்த மருத்துவமனையில் இந்தத் தேதி முதல் உள்நோயாளியாக இருக்கிறார், சான்று இணைத்துள்ளேன். இத்தனை நாள் நீட்டிப்பு தர வேண்டுகிறேன். என் தொலைபேசி எண் இது, விடுப்பு முகவரி இது.'

இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நீட்டிப்பு கிடைத்ததாக உத்தரவு வரும்வரை நீங்கள் திரும்ப வேண்டியவர். ஆனால் பிற்பாடு 'போதுமான காரணம் இருந்ததா' என்ற கேள்வி வரும்போது இந்தக் கடிதமும் ரசீதும்தான் பேசும். விடுப்பு முடிந்தும் திரும்பாததைப் பிரிவு 39 குற்றமாக்குவது 'போதிய காரணமின்றி' என்ற சொல்லோடுதான்.

இரண்டாவது, நோய் உங்களுக்கே என்றால் அருகில் உள்ள ராணுவ மருத்துவமனையில் காட்டுங்கள். பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்தால் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, சேர்ந்த அன்றே யூனிட்டுக்குத் தெரிவியுங்கள். தெருமுனைக் கிளினிக்கில் பின்தேதியிட்டு வாங்கிய சான்றிதழ் உங்களைக் காப்பாற்றாது. அது பொய்யென்று தெரிந்தால் இரண்டாவது குற்றச்சாட்டு வரும்.

மூன்றாவது, நாள் கடந்துவிட்டதா? இன்றே கிளம்புங்கள். 30 நாள் கடந்தால் பிரிவு 106-இன் கீழ் விசாரணை நடத்தி, நீங்கள் வராததையும் உங்களிடம் இருந்த அரசுப் பொருள்களில் எது குறைகிறது என்பதையும் பதிவு செய்வார்கள். அதன் பிறகும் நீங்கள் வராவிட்டால் அந்தப் பதிவின்படி நீங்கள் ஓடிப்போனவராகக் கருதப்படுவீர்கள். உங்கள் விவரம் மாவட்டக் காவல்துறைக்குப் போகும்.

பிரிவு 39-க்கு அதிகபட்சம் 3 ஆண்டு. பிரிவு 38-இன் கீழ் படையை விட்டு ஓடிய குற்றத்துக்கு மற்ற நேரத்தில் 7 ஆண்டு வரை சிறை, ஆக்டிவ் சர்வீஸில் மரண தண்டனை வரை சட்டம் இடம் தருகிறது. இரண்டையும் பிரிப்பது நாள்களின் எண்ணிக்கை அல்ல, திரும்பி வரும் எண்ணம் இருந்ததா இல்லையா என்பது. ஆகவே அந்த எண்ணத்தைக் காட்டும் எல்லாவற்றையும் சேருங்கள்: யூனிட்டுக்குப் போட்ட கடிதங்கள், முன்பதிவு செய்து ரத்தான ரயில் டிக்கெட், வீட்டிலேயே பத்திரமாக இருக்கும் சீருடையும் அடையாள அட்டையும். தானாகத் திரும்பி வந்தவருக்கும் போலீஸ் பிடித்துக் கொடுத்தவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எந்த விசாரணையும் கவனிக்கும்.

திரும்பி வந்ததும், வந்த தேதியும் நேரமும் எழுத்தில் பதிவாகின்றனவா என்று பாருங்கள். வாசல் காவலில் காலை வந்து நின்றவரை அடுத்த நாள் வந்ததாகக் கணக்கெழுதினால் ஒரு நாள் சம்பளம் போகும், ஒரு நாள் குற்றம் கூடும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஓடிப்போனவர் என்று தெரிந்தும் ஒளித்துவைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் குற்றம். கணவன் அல்லது மனைவிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அண்ணன் வீட்டிலும் மாமா தோட்டத்திலும் மறைத்துவைத்தால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். வெட்கத்தில் மறைக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளையின் பதினைந்து ஆண்டு ஓய்வூதியக் கனவைத் தின்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள்.

4. ஊரில் போலீஸ் வழக்கு, குடும்ப வழக்கு, போன்

ஊரில் தகராறாகி எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதை யூனிட்டுக்கு நீங்களே முதலில் தெரிவியுங்கள். மறைத்துவைத்துப் பிறகு காவல்துறை வழியே தெரிந்தால், வழக்கைவிட மறைத்தது பெரிய பிரச்சினையாகும். குற்றவியல் நீதிமன்றம், கோர்ட் மார்ஷல் இரண்டுமே விசாரிக்கக்கூடிய குற்றமாக இருந்தால் எங்கே விசாரிப்பது என்று முடிவு செய்யும் முதல் உரிமை பிரிவு 125-இன் கீழ் ராணுவ அதிகாரிக்கு உண்டு.

இங்கே ஒரு பெரிய ஆபத்து. மாஜிஸ்திரேட் முன்னால் 'சின்ன கேஸ்தான், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வா' என்று சொல்லும் வக்கீல்கள் இருக்கிறார்கள். ராணுவத்தில் இருப்பவருக்கு அந்த அபராத ரசீது ஒரு தண்டனைத் தீர்ப்பு. பிரிவு 20-இன் கீழ் பணிநீக்கம் செய்வதற்கு முன் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது விதி 17. ஆனால் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த நடத்தையின் பேரில் நீக்கினால் அந்த நோட்டீஸ் தேவையில்லை. ஊர் வக்கீலுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்லுங்கள்.

மனைவி ஜீவனாம்சம் கேட்டு யூனிட்டுக்கு எழுதினால் நீதிமன்ற உத்தரவு இல்லாமலேயே சம்பளத்தில் பிடிக்கப் பிரிவு 91 இடம் தருகிறது. அதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கோபத்தில் அதைக் கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். ஏற்கெனவே பணம் அனுப்புகிறீர்கள் என்றால் வங்கிப் பதிவை இணைத்துக் குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள்.

திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 497-ஐ நீக்கியதால் இனி ராணுவத்திலும் அது குற்றமில்லை என்கிறார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே அந்தத் தீர்ப்பு ஆயுதப்படைச் சட்டங்களைத் தொடவில்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. சக வீரரின் குடும்பத்தில் புகுவது இன்றும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

போனைப் பற்றிச் சுருக்கமாக. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டது. பத்திரிகைக்குப் பேசுவதையும், பணி தொடர்பானவற்றையும் அரசியல் கேள்விகளையும் பற்றி அனுமதியின்றி வெளியிடுவதையும் விதி 21 தடுக்கிறது. இன்றைய உள் உத்தரவு என்ன என்று யூனிட்டில் கேட்டு அதன்படி நடங்கள். மனைவியும் தம்பியும் சீருடைப் படத்தை இடம், தேதியோடு பகிர்வதும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

5. உங்களுக்கு அநீதி நடந்தால் புகாரை வழியோடு கொடுங்கள்

மேலதிகாரி தவறாக நடத்துகிறார் என்றால் பிரிவு 26 வழி தருகிறது. கம்பெனி கமாண்டரிடம் முதலில் புகார். புகார் அவர் மீதே என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம். இந்தப் படிகளைத் தாண்டி நேராக மேலே எழுதினால் புகாரின் நியாயம் பின்னுக்குப் போய், நீங்கள் வழி தாண்டியது முன்னுக்கு வந்துவிடும். எம்.பி.யிடம் சிபாரிசுக் கடிதம் வாங்குவதும் இதே வகை. குடும்பத்தார் நல்லெண்ணத்தில் செய்வார்கள்; பையனுக்குத்தான் கெடுதல்.

ரஞ்சித் தாக்கூர் என்ற சிக்னல்மேனின் வழக்கை ஒவ்வொரு ஜவானும் தெரிந்துகொள்ள வேண்டும். மேலதிகாரிகள் கொடுமைப்படுத்துவதாக அவர் நேராக மேலிடத்துக்கு எழுதினார். அதற்காக 28 நாள் தண்டனை பெற்றார். அந்தத் தண்டனையில் இருக்கும்போது சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார் என்று சம்மரி கோர்ட் மார்ஷல் (யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் ஒருவரே விசாரித்துத் தீர்ப்பளிப்பது) நடத்தி ஓராண்டு கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தார்கள். முன்பு அவர் புகார் சொன்ன அதிகாரியே அந்த விசாரணையில் அமர்ந்திருந்தார். 1987-இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. பாரபட்சம் இருக்கக்கூடியவர் விசாரிக்கக் கூடாது, தண்டனை குற்றத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்பவை அதன் காரணங்கள். உங்களை விசாரிக்கப் போகிறவர் மீது நீங்கள் முன்பு புகார் கொடுத்திருந்தால், அந்த ஆட்சேபத்தை விசாரணை தொடங்கும்போதே சொல்லி எழுதச் சொல்லுங்கள். தண்டனை வந்த பிறகு முதன்முறையாகச் சொன்னால் அதன் வலு குறைந்துவிடும்.

6. காவலில் வைத்தால்

தேதியையும் நேரத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காவலில் வைக்கப்பட்ட தகவல் கமாண்டிங் ஆபீசருக்குப் போன 48 மணி நேரத்துக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்கிறது பிரிவு 102. பொதுப்பணி காரணமாக முடியாவிட்டால்தான் விலக்கு. கோர்ட் மார்ஷல் கூடாமல் எட்டு நாளுக்கு மேல் காவல் நீண்டால் தாமதத்துக்கான காரணத்தைச் சிறப்பு அறிக்கையாக அனுப்ப வேண்டும் என்பது பிரிவு 103. வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

7. கோர்ட் ஆஃப் என்கொயரி

இது உண்மை என்ன என்று கண்டறியும் குழு. தண்டனை தரும் நீதிமன்றம் அல்ல. இங்கே சொன்ன வாக்குமூலத்தைக் கோர்ட் மார்ஷலில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த விதி 182 தடை போடுகிறது. இதைக் கேட்டுவிட்டு 'அப்படியானால் எப்படிப் போனால் என்ன' என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். அது பெரும் பிழை.

உங்கள் நடத்தையையோ ராணுவத்தில் உங்களுக்குள்ள நற்பெயரையோ பாதிக்கும் விசாரணை என்றால், விதி 180 உங்களுக்கு முழு வாய்ப்பு தருகிறது: விசாரணை முழுவதும் உடன் இருக்கலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், உங்கள் சாட்சிகளை அழைக்கலாம், வாக்குமூலம் தரலாம். 'விதி 180 எனக்குப் பொருந்துமா?' என்று முதல் நாளிலேயே கேளுங்கள். ஏனென்றால் இந்த விதியைப் பின்பற்றிய விசாரணையிலிருந்து குற்றச்சாட்டு எழுந்தால், அடுத்து நான் சொல்லப் போகும் விதி 22 விசாரணையைக் கமாண்டிங் ஆபீசர் தவிர்த்துவிடலாம். இங்கே சும்மா இருந்தால் அங்கே பேச வாய்ப்பே வராமல் போகலாம்.

8. கமாண்டிங் ஆபீசர் முன் நிற்கும் நாள்

தொப்பியும் பெல்ட்டும் கழற்றியாகிவிட்டது. சுபேதார் மேஜரின் குரலுக்கு நடைபோட்டு உள்ளே போய் நிற்கிறீர்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. சாட்சி இரண்டு வாக்கியம் சொல்கிறார். 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று கேட்கப்படுகிறது. 'நோ சர்' என்ற பதில் தன்னால் வாயில் வந்துவிடும். பயிற்சி நாளிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

விதி 22-இன்படி அந்தக் கேள்வி வெறும் சடங்கு அல்ல. குற்றச்சாட்டை உங்கள் முன்னிலையில் கேட்க வேண்டும். எதிர்ச்சாட்சிகளைக் கேள்வி கேட்கவும், உங்களுக்கான சாட்சியை அழைக்கவும், வாக்குமூலம் தரவும் உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. குற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் கமாண்டிங் ஆபீசர் இங்கேயே தள்ளுபடி செய்ய வேண்டும். வழக்கு முழுமையாக முடிந்துபோகக்கூடிய முதல் இடம் இது.

முந்தைய இரவே கேள்விகளைத் தயார் செய்யுங்கள். கேள்வி சிறியதாக, வாதம் இல்லாததாக, தேதி, நேரம், இடம் பற்றியதாக இருக்கட்டும். காவல் பணியில் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு இப்படிக் கேட்கலாம்: 'என்னைத் தேடிய நேரம் என்ன? அந்த நேரத்துக்கான டியூட்டிப் பட்டியலில் யார் பெயர் இருந்தது? பட்டியலை மாற்றியவர் யார்? மாற்றத்தை எனக்குச் சொன்னவர் யார்?' நான்கு கேள்வி போதும். 'நீங்கள் பொய் சொல்கிறீர்கள்' என்று சாட்சியிடம் சொல்வது எந்தப் பலனும் தராது. இன்னொரு குற்றச்சாட்டுக்கு வழி விடும்.

விசாரணைக்குப் பிறகு கமாண்டிங் ஆபீசர் பிரிவு 80-இன் கீழ் தானே தண்டிக்கலாம். 28 நாள் வரை காவல், லைனுக்குள் அடைப்பு (யூனிட் எல்லையை விட்டு வெளியே போகத் தடை), கூடுதல் பணி, கண்டனம், கடுங்கண்டனம், ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளம் வரை அபராதம் ஆகியவை அதில் வரும். அல்லது சாட்சியத்தை எழுத்தில் பதியச் சொல்லி வழக்கை ஒத்திவைக்கலாம், மேலதிகாரிக்கு அனுப்பலாம். 'ஏழு நாள்தானே, வாங்கிக்கொள்' என்று தோழர்கள் சொல்வார்கள். பெரிய தண்டனைகள் ஆவணத்தில் சிவப்பு மையில் ஏறும். அவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 11-ஆம் பகுதியில் இருக்கிறது.

9. சாட்சியச் சுருக்கம்

ஒத்திவைத்தால் அடுத்தது விதி 23: சம்மரி ஆஃப் எவிடென்ஸ். ஓர் அதிகாரி சாட்சிகளின் வார்த்தைகளை எழுத்தில் பதிவு செய்வார். நீங்கள் கேள்வி கேட்கலாம். கேள்வியும் பதிலும் பதிவாகும். முடிவில் உங்களிடம் எச்சரிக்கை சொல்லிக் கேட்பார்கள்: நீங்கள் எதுவும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை, சொன்னால் அது எழுதப்பட்டுச் சாட்சியமாக வைக்கப்படலாம்.

இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை பக்கங்களும். கோர்ட் ஆஃப் என்கொயரி வாக்குமூலத்துக்கு இருக்கும் பாதுகாப்பு இங்கே இல்லை. யாரோ எழுதிக் கொடுத்த 'தவறுதான், மன்னித்துவிடுங்கள்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டால் அதுவே வழக்கின் முதுகெலும்பாகிவிடும். பேசுவதா, மௌனமா என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். காகிதத்தால் நிரூபிக்கக்கூடிய நல்ல பதில் இருந்தால், தேதிகளோடு சொல்லி ஆவணத்தை இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மௌனம் உங்கள் உரிமை.

தமிழ்ப் பிள்ளைகள் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது மொழி. நடப்பது இந்தியில், எழுதுவது ஆங்கிலத்தில். பேச்சு இந்தி தெரிந்தவருக்கும் சட்டத் தாளின் ஆங்கிலம் புரியாமல் போகும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வாசித்துக் காட்டியது புரியவில்லை என்றால் 'புரியவில்லை' என்று சொல்லி அதையே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு அருகில் தேதியைத் தமிழில் அல்லாமல் எண்களில், உங்கள் கையாலேயே போடுங்கள்.

10. சம்மரி கோர்ட் மார்ஷல்

கோர்ட் மார்ஷலில் நான்கு வகை உண்டு. ஜவான்கள் அதிகம் சந்திப்பது சம்மரி கோர்ட் மார்ஷல். இதில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். வேறு இருவர் உடன் அமர்வார்கள். தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டு வரை சிறை தரலாம், அதற்குக் கீழே என்றால் மூன்று மாதம். பணிநீக்கமும் செய்யலாம். இதை அவசரத் தேவைக்கான விதிவிலக்காகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2016-இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடனடி நடவடிக்கைக்கு என்ன காரணம் என்பது உங்கள் பின்னாளைய மனுவில் ஒரு நல்ல கேள்வி.

விசாரணை பற்றி அறிவித்த பிறகு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் நேரம் வரை குறைந்தது 96 மணி நேரம் தர வேண்டும். ஆக்டிவ் சர்வீஸில் 24 மணி நேரம். இது விதி 34. அந்த நேரத்தில் சாட்சிகளின் பெயர்களை எழுதிக் கொடுங்கள். விதி 129-இன்படி உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் உங்களுக்காக எழுந்து வாதாட முடியாது, காதில் ஆலோசனை சொல்லலாம். சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் குறித்து வையுங்கள்.

பிறகு அந்தக் கேள்வி: 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?' ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று யாராவது முந்தைய நாள் வந்து சொல்லியிருப்பார்கள். அந்த வாக்குறுதி எழுத்தில் எங்கும் இருக்காது. ஒப்புக்கொண்டால் சாட்சி விசாரணை இல்லை, மேல்முறையீட்டில் பேசவும் அதிகம் மிஞ்சாது. ஒப்புதலைப் பதிவதற்கு முன் அதன் பொருளையும் விளைவையும் விளக்க வேண்டும் என்கிறது விதி 115. குற்றம் சாட்டப்பட்டவரின் கையெழுத்து இல்லாத ஒப்புதலை ஏற்க உயர் நீதிமன்றங்கள் மறுத்த வழக்குகளும் உண்டு. வராமல் இருந்தது உண்மை, ஆனால் போதிய காரணம் இருந்தது என்றால் அது ஒப்புதல் ஆகாது. 'குற்றவாளி இல்லை' என்று சொல்லிக் காரணத்தை நிரூபிப்பதே சரி.

11. தண்டனைக்குப் பிறகு

முதல் வேலை நகல் கேட்பது. கோர்ட் மார்ஷல் நடவடிக்கைகளின் நகலைப் பெற விதி 147 உரிமை தருகிறது. கோப்புகள் என்றென்றும் வைக்கப்படுவதில்லை, ஆகவே உடனே எழுத்தில் கேளுங்கள்.

கோர்ட் மார்ஷல் தண்டனைக்கு எதிராகப் பிரிவு 164-இன் கீழ் மனு கொடுக்கலாம். பிரிவு 80 தண்டனை சட்டவிரோதமானது, அநியாயமானது அல்லது மிகையானது என்றால் மேல் அதிகாரம் அதைத் திருத்தப் பிரிவு 87 இடம் தருகிறது. மனுவில் 'ஏழைக் குடும்பம்' என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு விதி மீறலை ஒரு வரியில் சொல்கிறார்கள். தலைகீழாக எழுதுங்கள். எந்த விதி, எந்தத் தேதியில், எப்படி மீறப்பட்டது என்பது முதலில். குடும்ப நிலை கடைசியில், தண்டனையைக் குறைக்கக் கேட்கும் இடத்தில்.

நான்கு சிவப்பு மைப் பதிவு ஆனதும் 'விரும்பத்தகாதவர்' என்று விடுவிக்கும் நடைமுறை உண்டு. அது தானாக நடக்கக்கூடாது. முறையான விசாரணை வேண்டும் என்று 2015-இல் வீரேந்திர குமார் துபே வழக்கிலும், பணிக்காலம், கடினமான இடங்களில் ஆற்றிய பணி, குற்றங்களின் தன்மை ஆகியவற்றையும் எடைபோட வேண்டும் என்று 2016-இல் விஜய் சங்கர் மிஸ்ரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் பதிலில் நீங்கள் பணியாற்றிய கடினமான இடங்களைத் தேதியோடு எழுதுங்கள். 2-ஆம் பகுதியில் சொன்ன கோப்பு இங்கேதான் உதவும். விடுவிக்கப்பட்டவருக்கு 15 ஆண்டு தகுதிப் பணி இருந்தால் ஓய்வூதியம் உண்டு. பணிநீக்கம் செய்யப்பட்டவர் பொதுவாக அதை இழக்கிறார். இரண்டும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

12. ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது இது. தலைமை அமர்வு டெல்லியில், பிராந்திய அமர்வு ஒன்று சென்னையில். பணியில் இருப்பவர் தற்போது பணியாற்றும் இடத்தின் அமர்விலோ பிரச்சினை எழுந்த இடத்தின் அமர்விலோ மனு செய்யலாம். பணியை விட்டு வந்தவர் வசிக்கும் ஊரின் அமர்வுக்கே போகலாம். டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

நேராக இங்கே வர முடியாது. முதலில் 11-ஆம் பகுதியில் சொன்ன மனுவைக் கொடுத்து, அதன் இறுதி உத்தரவு வந்திருக்க வேண்டும். அல்லது பதில் வராமல் ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும். பணி விவகார மனுவுக்கு அதிலிருந்து அடுத்த ஆறு மாதம்தான் கெடு. தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஒவ்வொரு மாதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். அஞ்சல் ரசீதை நான் ஏன் இத்தனை முறை சொல்கிறேன் என்பது இந்தக் கணக்கைப் போடும்போது புரியும்: மனு போய்ச் சேர்ந்த தேதி இல்லாவிட்டால் ஆறு மாதம் எங்கே தொடங்கியது என்று காட்ட முடியாது.

எல்லாவற்றையும் இங்கே கொண்டுவரவும் முடியாது. மாற்றல், பணியிடம், எவ்வகை விடுப்பும் இந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்கு வெளியே. சம்மரி கோர்ட் மார்ஷலும், பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேல் சிறையோ விதித்திருந்தால்தான் வரும். மற்றவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தீர்ப்பாயத்தின் உத்தரவையே எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம் என்பதையும் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. விடுப்பு மறுக்கப்பட்டதற்கு எதிராகத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு ஓராண்டு காத்திருந்தவர்கள், அதே மனுவைத் திரும்பப் பெற்று மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வக்கீலிடம் முதல் நாளிலேயே இதைக் கேளுங்கள்.